கொப்புளம் எழாத அக்கி: பித்தப்பைக் கல் வலியாகக் கருதப்பட்ட ஒரு நிகழ்வு

பின்னணி

இது 67 வயதுப் பெண் ஒருவரின் நோய் வரலாறு. அவருடைய ஒப்புதலோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன்.

அவருக்குப் பல ஆண்டுகளாக இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். கடந்த சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 7.8 சதவீதம். இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுத்துவந்தார். சிறுநீரகத்தின் வேலைத்திறன் குறைந்திருந்தது. கிரியேட்டினின் வெளியேற்றம் நிமிடத்துக்கு 44 மி.லி. பள்ளிப் பருவத்தில் சின்னம்மை வந்து ஆறியது அவருக்கு நினைவிருந்தது. அக்கிக்கான தடுப்பூசி போட்டுக்கொண்டதில்லை. ஸ்டீராய்டோ எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் வேறு மருந்தோ எடுக்கவில்லை.

சின்னம்மை ஆறினாலும் அதன் வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியும் மூளை நரம்புகளை ஒட்டியும் உள்ள உணர்வு நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு முடங்கிக் கிடக்கிறது. முதுமையிலோ எதிர்ப்பாற்றல் தளரும்போதோ ஏதேனும் ஒரு முடிச்சில் மறுபடி பெருகத் தொடங்குகிறது. நரம்பின் வழியே தோலை எட்டினால் கொப்புளம் எழும். அதைத்தான் அக்கி என்கிறோம். சிலருக்கு வைரஸ் தோல்வரை வருவதில்லை. முடிச்சும் நரம்பு வேரும் அழற்சி காண்கின்றன, வலி வருகிறது, தோலில் மட்டும் ஒன்றும் தெரிவதில்லை. 1958இல் லூயிஸ் என்ற மருத்துவர் இந்த நிலையை மருத்துவ இதழில் விவரித்து எழுதினார். ஆய்வகத்தில் அதை நிரூபிக்கும் வழி வர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

வலி தொடங்கியதும் முதல் சிகிச்சையும்

முதலில் வலது விலா எலும்புகளுக்குக் கீழே முதுகுப் பக்கம் எரிச்சல். இரண்டு நாளில் அது முன்பக்கம் மேல்வயிறு வரை வந்துவிட்டது. பாரசிட்டமால் கேட்கவில்லை. நான்காம் நாள் இரவு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்.

அங்கே செய்யவேண்டியதைச் சரியாகவே செய்தார்கள். இ.சி.ஜி., இதயத் தசைப் பாதிப்பைக் காட்டும் டிரோப்போனின், கல்லீரல் பரிசோதனைகள், கணைய நொதி, மார்பு எக்ஸ்ரே எல்லாம் இயல்பு. அந்த வயதில், அந்த இடத்து வலிக்கு இதயத்தையும் நுரையீரலையும் முதலில் பார்த்தே ஆகவேண்டும். அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக்குள் இரண்டு கற்கள் தெரிந்தன. பித்தப்பைச் சுவர் தடித்திருக்கவில்லை, சுற்றிலும் நீர் கோக்கவில்லை, பித்தநாளமும் விரிவடையவில்லை. வலி வலப்பக்க மேல்வயிற்றில், கல்லும் அங்கேதான். வலி நிவாரணியாக ஐபுபுரூபென் கொடுத்து அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினார்கள். பித்தப்பையை அகற்ற நாளும் குறிக்கப்பட்டது.

இந்த நிகழ்வின் திருப்பம் அந்த அறுவை சிகிச்சை நிபுணரால் வந்தது. அறுவைக்கு முந்தைய சந்திப்பில் அவர் நோயாளியிடம், "வலி எப்போது முழுவதும் விடுகிறது, அம்மா?" என்று கேட்டிருக்கிறார். "விடுவதே இல்லை, டாக்டர். சாப்பிட்டாலும் அதே வலி, சாப்பிடாவிட்டாலும் அதே வலி" என்பது பதில். பித்தப்பைக் கல் வலி வந்தால் சில மணி நேரம் இருந்துவிட்டுப் போகும். இடையில் நிம்மதியான நாட்கள் இருக்கும். மூன்று வாரமாக ஒரு நிமிடம்கூட விடாத எரிச்சலுக்கு இந்தக் கல் காரணமாக இருக்குமா என்று சந்தேகம் எழ, அவர் எங்கள் மருத்துவக் குழுவின் கருத்தைக் கேட்டு அனுப்பினார். நாளும் குறித்துவிட்ட பிறகு நின்று யோசித்த அந்த மருத்துவருக்கு இந்தப் பதிவில் பெரும் பங்கு உண்டு.

பரிசோதனையில் கண்டது

அவர் அறைக்குள் வந்தபோதே வலது கையால் மேல்சட்டையை உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்திருந்தார். உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை. காரணம் கேட்டேன். துணி உரசினால் எரிகிறது, போர்வைகூடப் பொறுக்க முடியவில்லை, ஆனால் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தால் கொஞ்சம் தணிகிறது என்றார். உள்ளுறுப்பு வலி உள்ளவர் பெரும்பாலும் இப்படிச் சொல்வதில்லை. மெல்லிய தொடுதல் வலியாக மாறுவது நரம்பு பாதிக்கப்பட்டதன் அடையாளம். வலியின் தன்மையும் அதற்கு ஒத்துப்போனது: ஓயாத எரிச்சல், நடுநடுவே மின்சாரம் பாய்வது போன்ற வெட்டு, இரவில் அதிகம்.

தோலை நல்ல பகல் வெளிச்சத்தில், முதுகுத்தண்டிலிருந்து நடு வயிறு வரை, விலா மடிப்புகளையும் மார்பகத்தின் அடிமடிப்பையும் விடாமல் பார்த்தோம். கொப்புளமோ பொருக்கோ தழும்போ நிறம் வெளுத்த புள்ளியோ இல்லை. இருந்து ஆறிப்போயிருக்குமா என்ற கேள்விக்கு அவருடைய மகள் பதில் சொன்னார். வலி தொடங்கிய இரண்டாம் நாளிலிருந்து தினமும் இரவில் தாயின் முதுகில் களிம்பு தடவிவிட்டவர் அவர். சிவப்புகூட வந்ததில்லை என்று உறுதியாகச் சொன்னார். வயதானவர்கள் தங்கள் முதுகைத் தாங்களே பார்ப்பதில்லை. எனவே "எனக்கு ஒன்றும் வரவில்லை" என்று நோயாளி சொல்வதைவிட, தினமும் அந்த முதுகைப் பார்த்த ஒருவர் சொல்வதற்கு எடை அதிகம். களிம்பு தடவிய இடம் சிவந்திருந்தால் அது வேறு குழப்பத்தைக் கொண்டுவந்திருக்கும். அதுவும் இல்லை.

அடுத்து பஞ்சு, மழுங்கிய ஊசி, குளிர்ந்த உலோகம் மூன்றையும் கொண்டு தோலின் உணர்வைச் சோதித்தோம். பஞ்சை இயல்பான இடத்திலிருந்து மெதுவாக உள்ளே நகர்த்தி, முகம் சுளித்த புள்ளியில் தோல் பேனாவால் குறி வைத்தோம். மேலிருந்து, கீழிருந்து, பின்னாலிருந்து என்று ஒவ்வொரு திசையிலும் இதைச் செய்து குறிகளை இணைத்தபோது ஒரு பட்டை தெரிந்தது. முதுகுத்தண்டில் தொடங்கி, விலாவை ஒட்டிச் சாய்வாக இறங்கி, மேல்வயிற்றின் நடுக்கோட்டில் கத்தரித்தது போல் நின்றது. மார்பெலும்பின் நுனிக்கும் தொப்புளுக்கும் இடையே, ஏறத்தாழ நான்கு விரல் அகலம். அந்தப் பட்டைக்குள் பஞ்சு எரிந்தது. ஊசியின் கூர்மையோ வெளியில் இருப்பதைவிடக் குறைவாகவே தெரிந்தது. உணர்வு மங்கியும் தொடுதல் வலித்தும் ஒரே இடத்தில் இருந்தது முக்கியம். எட்டாவது, ஒன்பதாவது மார்பு நரம்புகளுக்கு உரிய பகுதி அது.

படுக்கவைத்து, தலையைத் தூக்கி வயிற்றுத் தசையை இறுக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தோம். 1926இல் கார்னெட் விவரித்த எளிய சோதனை இது. வலி உள்ளுறுப்பில் இருந்தால் இறுகிய தசை மறைத்துக்கொள்ளும், அழுத்தம் குறைவாகவே தெரியும். வயிற்றுச் சுவரில் இருந்தால் வலி அப்படியே இருக்கும் அல்லது கூடும். இவருக்குக் கூடியது. கால்களின் வலிமை, அனிச்சைச் செயல்கள், சிறுநீர்க் கட்டுப்பாடு எல்லாம் இயல்பாக இருந்தன. காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, முதுகெலும்பைத் தட்டினால் வலி இல்லை.

எந்த நரம்பு, என்ன காரணம்

எந்த நரம்பு, என்ன காரணம் என்ற இரண்டையும் ஒரே கேள்வியாக எடுத்துக்கொள்வதுதான் இந்த நோயில் நடக்கும் பெரிய வழுக்கல். தோலில் வரைந்த எல்லை எந்த நரம்பு வேர் என்று சொல்கிறது. அந்த வேருக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்வதில்லை. கொப்புளம் இருந்தால் இரண்டுக்கும் விடை ஒன்றாகவே கிடைத்துவிடும். அது இல்லாதபோது இரண்டாவது விடையைத் தனியாகத் தேட வேண்டும். பட்டை வலியைப் பார்த்த உடனே "வெளியே வராத அக்கி" என்று எழுதிவிடுவது, கல்லைப் பார்த்த உடனே பித்தப்பை என்று எழுதுவதைவிட எந்த வகையிலும் மேலானதல்ல.

காரணங்களை வரிசைப்படுத்தினோம். முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகல், முதுகெலும்பு நொறுங்கல், புற்றுநோய்ப் பரவல், சீழ்க்கட்டி ஆகியவை நரம்பு வேரை நெரிக்கலாம். இவற்றில் கடைசி இரண்டைத் தவறவிட்டால் கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அடுத்தது சர்க்கரை நோயால் வரும் மார்பு நரம்பு வேர்ப் பாதிப்பு. அதுவும் முதியவர்களுக்கே அதிகம் வரும், அதுவும் எரியும், இரவில் கூடும், தோலில் எதையும் காட்டாது. இவருடைய சந்தேகப் பட்டியலில் அக்கிக்குச் சமமான இடம் அதற்கு இருந்தது. பெரும்பாலும் அதில் எடை குறையும், பல மட்டங்களில் அல்லது இருபுறமும் பரவும். இவருக்கு அப்படி இல்லை. ஆனாலும் விலக்கிவிட அது போதாது. கடைசியாக, கொப்புளம் இனிமேல் வரக்கூடும். அக்கிக்கு முந்திய வலி பெரும்பாலும் சில நாட்கள்தான் இருக்கும் என்றாலும், நூறு நாளுக்கு மேல் வலித்த பிறகு கொப்புளம் எழுந்த நோயாளிகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறார்கள். எனவே மகளிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்தப் பட்டையைக் கைபேசியில் படம் எடுத்து வைக்கச் சொன்னோம்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, பித்தப்பை அறுவையைத் தள்ளிவைப்பது. அறுவை சிகிச்சை நிபுணரோடு பேசி, அறிகுறி தராத கல்லாக அதை இப்போதைக்குக் கருதலாம் என்று ஒத்துக்கொண்டோம். அப்படிப்பட்ட கற்களுக்குப் பொதுவாக அறுவை தேவைப்படுவதில்லை. காய்ச்சல், மஞ்சள் காமாலை, உணவுக்குப் பின் வந்துபோகும் வலி ஆகியவற்றில் ஏதாவது வந்தால் உடனே வரவேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். ஐபுபுரூபென் அன்றே நிறுத்தப்பட்டது. அந்தச் சிறுநீரகத்துக்கு அது ஆகாது. நரம்பு வலிக்கு அதனால் பெரிய பயனும் இல்லை.

இரண்டாவது, மார்பு முதுகெலும்பின் எம்.ஆர்.ஐ. நெரிக்கும் காரணம் எதுவும் தெரியவில்லை. வயதுக்கேற்ற தட்டுத் தேய்மானம் இருந்தது, ஆனால் வலி இருக்கும் மட்டத்தில் இல்லை.

மூன்றாவது முடிவுதான் விவாதத்துக்கு உரியது: முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதிப்பது. வைரஸ் மருந்தைக் கொடுத்துப் பார்க்கலாமே, அது பெரிதாகக் கெடுதல் செய்யாதே என்பது நியாயமான வாதம். எங்கள் குழுவிலேயே ஒருவர் அப்படி நினைத்தார். எதிர்த்தரப்புக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. வலி இயற்கையாகவே குறையும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. மருந்துக்குப் பிறகு குறைந்தால் அது அக்கி என்பதற்குச் சான்றாகிவிடாது. மேலும், சர்க்கரை நோய்தான் காரணம் என்றால் அடுத்து வரும் ஆண்டுகளில் அவருடைய சிகிச்சை வேறு திசையில் போகவேண்டும். வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் பார்த்தால் போதாதா என்றால், போதாது. சின்னம்மை வந்துபோன அனைவருக்குமே ஐஜிஜி என்ற, நீண்டகாலம் நிலைக்கும் எதிர்ப்பொருள் இருக்கும். அது இருக்கிறது என்ற அறிக்கை எதையும் நிரூபிப்பதில்லை.

தண்டுவட நீரின் மதிப்பை 1994இல் கில்டனும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். கொப்புளமே வராத, நீண்ட நாள் நரம்பு வேர் வலி கொண்ட இருவரின் தண்டுவட நீரில் சின்னம்மை வைரஸின் டி.என்.ஏ. இருப்பதை, மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.வையும் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். முறையில் கண்டார்கள். ஐம்பதுகளில் வெறும் கருத்தாக இருந்தது அப்போதுதான் கையில் பிடிக்கக்கூடிய சான்றைப் பெற்றது. ஆனால் நாட்கள் செல்லச் செல்ல அந்த நீரில் டி.என்.ஏ. கிடைப்பது அரிதாகிவிடும். அதற்குப் பிறகும் அங்கே உற்பத்தியான எதிர்ப்பொருள் நிலைத்திருக்கும். ஆகவே நாள்பட்ட நோயில் பி.சி.ஆரை மட்டும் கேட்டு, 'இல்லை' என்று வந்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது. எங்கள் ஆய்வகத்தின் அச்சிட்ட படிவத்தில் பி.சி.ஆருக்கு மட்டுமே கட்டம் இருந்தது. எதிர்ப்பொருளைக் கையால் எழுதிச் சேர்த்தோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே நேரத்தில் இரத்தமும் எடுத்தோம்.

முதுகில் ஊசி என்றதும் அவர் தயங்கினார். எதற்காக, என்ன தெரியவரும், தெரியாமல் போனால் என்ன செய்வோம், தலைவலி வரலாம் என்பதையெல்லாம் மகளையும் வைத்துக்கொண்டு விளக்கினோம். ஒரு நாள் யோசித்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டார்.

ஆய்வக முடிவுகள்

தண்டுவட நீரில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 11 வெள்ளணுக்கள் இருந்தன. ஐந்து வரை இயல்பு. அனைத்தும் லிம்போசைட்டுகள் என்ற வகை. புரதம் 100 மி.லி.க்கு 62 மி.கி., சற்று அதிகம். குளுக்கோஸ் இயல்பு. பி.சி.ஆரில் வைரஸ் டி.என்.ஏ. இல்லை.

எதிர்ப்பொருள் முடிவு பின்னால் வந்தது. இரத்தத்தோடு ஒப்பிட்டால் தண்டுவட நீரில் சின்னம்மை வைரஸுக்கான ஐஜிஜி, அல்புமின் என்ற இரத்தப் புரதமும் மொத்த ஐஜிஜியும் இருக்கும் விகிதத்தைவிட மிக அதிகமாக இருந்தது. இரத்தத்திலிருந்து கசிந்து வந்திருந்தால் எல்லாமே ஒரே விகிதத்தில் வந்திருக்கும். இது மட்டும் கூடியிருப்பதால், நரம்பு மண்டலத்துக்கு உள்ளேயே உற்பத்தியானது என்று பொருள். இதற்கு நெருங்கிய உறவான ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் எதிர்ப்பொருளையும் அதே கணக்கில் பார்த்தோம், அது கூடவில்லை. எனவே காரணம் சின்னம்மை வைரஸ், இது கொப்புளம் எழாத அக்கி என்று முடிவு செய்தோம்.

தொற்று புதிதாகத் தலையெடுக்கும்போது வரும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லை என்று வந்தது. சில வாரம் கழித்து எடுத்த இரண்டாவது இரத்த மாதிரியில் ஐஜிஜி பெரிதாக மாறவில்லை. முதல் மாதிரியே மூன்று வாரத்துக்குப் பின் எடுக்கப்பட்டது என்பதால், ஏறவேண்டியது அதற்குள் ஏறிவிட்டிருக்கும். எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளிலும் ஒன்றும் இல்லை.

சிகிச்சையும் அதன் காரணங்களும்

தண்டுவட நீரை எடுத்த அன்று மாலையே, முடிவுக்குக் காத்திராமல் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைத் தொடங்கினோம். வழக்கமான அளவு 1,000 மி.கி. வீதம் நாளுக்கு மூன்று வேளை. இவருடைய சிறுநீரகத்தின் வேலைத்திறனுக்கு ஏற்ப அது இரண்டு வேளையாகக் குறைக்கப்பட்டது. குறைக்காமல் கொடுத்தால் மருந்து உடலில் தேங்கி மனக்குழப்பத்தை உண்டாக்கலாம். முதியவருக்கு அப்படி வந்தால் மூளைக்குள் வைரஸ் போய்விட்டதோ என்ற புதிய அச்சமும் தேவையற்ற பரிசோதனைகளும் தொடரும்.

நீரில் அணுக்கள் கூடியிருந்ததால் அதே வகை மருந்தான அசைக்ளோவிரைச் சிரை (இரத்தக் குழாய்) வழியே செலுத்தவேண்டுமா என்று மறுபடி யோசித்தோம். வேறு சிக்கல் இல்லாத சாதாரண அக்கியிலும் தண்டுவட நீரில் அணுக்கள் சற்றுக் கூடுவது உண்டு. இவருக்குத் தலைவலி, கழுத்து இறுக்கம், குழப்பம், கால் பலவீனம் எதுவும் இல்லை. சிரை வழி மருந்து சிறுநீரகத்துக்குக் கூடுதல் சுமை. எனவே மாத்திரையையே தொடர்ந்தோம், இரண்டு வாரம். அக்கி மருந்தைக் கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. கொப்புளமே இல்லாதவருக்கு அந்தக் கடிகாரத்தை எங்கிருந்து தொடங்குவது? இங்கே நாங்கள் நம்பியது தண்டுவட நீரில் இன்னும் அழற்சி இருந்ததைத்தான்.

வலிக்கு காபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்து, இரவில் 100 மி.கி. என்று தொடங்கி மெல்ல உயர்த்தி 300 மி.கி. இரண்டு வேளை. இந்த மருந்தும் சிறுநீரகம் வழியே வெளியேறுவது என்பதால் அதற்கு மேல் போகவில்லை. தொடுதல் வலிக்கு, தோலை மரத்துப்போகச் செய்யும் லிடோகேயின் மருந்துப் பட்டை, 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துவிடும் முறையில். நரம்பு வலிக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான அமிட்ரிப்டிலினைத் தவிர்த்தோம், அந்த வயதில் அது தரும் மயக்கமும் தடுமாற்றமும் கீழே விழவைக்கலாம்.

பின்னர் நடந்தது

இரண்டாம் வார முடிவில் இரவில் தூங்க முடிகிறது என்றார். மேல்சட்டையைப் பிடித்திருந்த கை மடியில் இருந்தது. லிடோகேயின் பட்டைதான் அவருக்கு முதலில் நிம்மதி தந்தது.

ஆறாவது வாரத்தில் ஒரு புதுக் கவலை. இருமும்போது வலது மேல்வயிறு புடைத்தது. குடலிறக்கம் என்று பயந்து வந்தார். அல்ட்ராசவுண்டில் தசைச் சுவரில் துவாரம் எதுவும் இல்லை. அந்த மட்டத்துத் தசை மட்டும் தளர்ந்திருந்தது. அக்கி உணர்வு நரம்போடு நிற்காமல் சிலருக்கு அதே மட்டத்தின் இயக்க நரம்பையும் தொடும். இந்தப் புடைப்பு சர்க்கரை நோய் நரம்புப் பாதிப்பிலும் வரக்கூடும் என்பதால் இதை வைத்து எதையும் முடிவு செய்யவில்லை. இதற்கும் அறுவை தேவையில்லை என்று சொல்லி அனுப்பினோம். பல மாதங்களில் அது படிப்படியாக அடங்கியது.

மூன்றாம் மாதம் மறுபடி பஞ்சால் எல்லை வரைந்தோம். முழுப் பட்டையாக இருந்தது சுருங்கி, முதுகுப் பக்கம் உள்ளங்கை அளவுக்கு நின்றது. ஆறாம் மாதம் காபாபென்டினைக் குறைத்து நிறுத்தினோம். குளிர்காற்று பட்டால் அந்த இடத்தில் லேசான எரிச்சல் இன்றும் உண்டு. மகள் எடுத்து வைத்த படங்கள் எதிலும், கடைசி நாள்வரை, ஒரு கொப்புளம்கூட இல்லை.

வைரஸ் மருந்தால்தான் குணமானது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நோயாளியைக் கொண்டு, இயற்கையாக ஆறும் காலத்தையும் மருந்தின் வேலையையும் பிரித்துக் காட்ட முடியாது. நோய் எது என்று நிறுவியதும், தேவையற்ற அறுவையைத் தவிர்த்ததும் மட்டுமே இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியவை.

வலி அடங்கிய பிறகு, உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி, இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை என்று பரிந்துரைத்தோம். இருக்கும் வலிக்கு அது மருந்தல்ல, இனி வருவதைத் தடுப்பதற்கு மட்டுமே என்பதையும் சொன்னோம். போட்டுக்கொண்டார்.

இனி மாற்றிச் செய்பவை

தண்டுவட நீர்ப் படிவத்தில் எதிர்ப்பொருள் விகிதத்துக்கும் ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதினோம், சேர்த்துவிட்டார்கள். காரணம் தெரியாத பட்டை வலியோடு வருபவரிடம் முதல் நாளே கொஞ்சம் இரத்தம் எடுத்துச் சேமித்து வைக்கிறோம். பின்னால் எடுக்கும் மாதிரியோடு ஒப்பிட வேறு வழி கிடையாது. பித்தப்பை அறுவைக்கு வருபவர்களில் விடாத வலி உள்ளவருக்குப் பஞ்சுச் சோதனையும் கார்னெட் சோதனையும் செய்வதென்று அறுவை சிகிச்சைப் பிரிவோடு சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறோம். இரண்டுக்கும் கருவி வேண்டாம், சில நிமிடங்கள் போதும்.

விலாவில் இந்த நோய் தாமதமாகத் தெரிந்தால் வலியோடு போகும். முகத்தில் அப்படி இல்லை. 1907இல் ராம்சே ஹன்ட் விவரித்த, காதையும் முக நரம்பையும் தாக்கும் அக்கி கொப்புளமின்றி வந்தால் சாதாரண முகவாதம் போலவே இருக்கும். கடும் காது வலி, கேட்கும் திறன் குறைவு, தலைச்சுற்றல் ஆகியவற்றோடு முகம் கோணினால் இந்த வைரஸையும் நினைக்க வேண்டும். ஒரு பக்க நெற்றி எரிச்சலோடு கண் சிவந்து பார்வை மங்கினால், தோல் சுத்தமாக இருந்தாலும் அன்றே கண் மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

இவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் நோயின் பெயருக்குக் கீழே, எந்த நிலையில் அதை மறுபடி சந்தேகிக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறோம்: வலி நடுக்கோட்டைத் தாண்டினால், மற்றொரு மட்டத்துக்குப் பரவினால், எடை குறைந்தால், கால் தளர்ந்தால், சிறுநீர்க் கட்டுப்பாடு மாறினால், அக்கி என்ற பெயரை ஒதுக்கிவைத்துவிட்டு எம்.ஆர்.ஐ.யிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதன் பிரதி ஒன்று நோயாளியிடமும் அவருடைய மகளிடமும் இருக்கிறது.